படகுக்குக் கூரை போட்ட கதை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். டார்ச்சும் நீளக் கைப்பிடி வைத்த கரண்டியும் கொடுத்திருப்பார்கள். கொசுப்புழு எங்கெங்கே இருக்கும் என்று வகுப்பும் எடுத்திருப்பார்கள். பழைய டயர், கொட்டாங்குச்சி, மாடித் தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. நான் சேர்ந்தபோதும் இதே பட்டியல்தான். அதில் படகு கிடையாது. சுகாதார ஆய்வாளராக ஓய்வு பெறும் வரையிலும் யாரும் அதைச் சேர்க்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐப்பசி மழை தொடங்கிய வாரம் அங்கே போனோம். உடன் வந்தவர் கன்னியப்பன், என்னோடு அதிக காலம் வேலை செய்த களப்பணியாளர். பேச்சில் தாராளம், நடையில் சிக்கனம். வாசல் கேட்டைத் திறந்ததும் அவரே முதலில் நின்றார்.

கார் நிறுத்தும் இடத்தில், கூரையில்லாத பகுதியில், ஒரு நீல நிற ஃபைபர் படகு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆறேழு பேர் உட்காரக்கூடிய துடுப்புப் படகு. மூடிவிட்ட ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து வந்தது என்பது பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்தது. 'ஹனிமூன்' என்று எழுதியிருந்ததை யாரோ பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். வெயில் பட்டால் எழுத்து மறுபடி தெரிந்தது.

கன்னியப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம் இது, படகா கொளமா? உள்ள இம்மாம் புழு நெளிஞ்சிகினு கீது."

கரண்டியை விட்டு மொண்டேன். அவர் மிகைப்படுத்தவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானராஜ் சார் இறங்கி வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. படகு வாங்கியது அவர்தான்.

"வெள்ளம் வந்தப்போ இந்தத் தெரு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். பொது நன்மைக்காக வாங்கினதும்மா. மறுபடி தண்ணி வந்தா எல்லாரும் இதுலதான் ஏறணும்."

"சரி சார். இப்ப இதுல ஏறியிருக்கிறது கொசு."

"கவுத்துப் போடலாமே" என்று கேட்டேன். போட்டார்களாம். கவிழ்த்த படகுக்கு அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டுவிட்டது. குட்டிகள் கண் திறந்து ஓடத் தொடங்கும்வரை அந்த நாய் ஒருவரையும் கேட்டுக்குள் விடவில்லை. பால்காரர் சுவருக்கு வெளியிலிருந்து பாக்கெட்டை எறிந்திருக்கிறார். அதற்குப் பிறகு நிமிர்த்தி வைத்தார்கள். அடியில் தண்ணீர் வடிய ஒரு தக்கை இருக்குமே என்று கேட்டேன். அவசரத்தின்போது தக்கை காணாமல் போய்விடக் கூடாது என்று, ஞானராஜ் சார் அதைப் பசை போட்டு நிரந்தரமாக அடைத்திருந்தார். அவர் எதையும் யோசிக்காமல் செய்பவர் அல்ல. கொஞ்சம் அதிகமாக யோசித்துவிடுவார், அவ்வளவுதான்.

தண்ணீரை இறைத்து ஊற்றச் சொன்னோம். மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இங்கே கவனியுங்கள். 'மூடி வையுங்கள்' என்று நாம் சொல்வது எளிது. எப்படி மூடுவது என்று யாருக்கும் சொல்வதில்லை. அடுத்த வாரம் போனபோது ஞானராஜ் சார் சொன்னபடி கேட்டிருந்தார். பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றைப் படகின் மேல் விரித்து, நான்கு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. இரண்டு நாள் மழையில் தார்ப்பாய் தொட்டில் மாதிரி உள்ளே தொங்கியது. அதில் ஒரு காக்கை குளித்துக்கொண்டிருந்தது. கயிறு கோக்கும் ஓரத்துக் கண்ணி ஒன்று கிழிந்து, அந்த வழியாக உள்ளேயும் தண்ணீர் போயிருந்தது.

தரைத்தளத்தில் குடியிருக்கும் கௌரி அப்போதுதான் ஸ்கூட்டர் சாவியோடு வெளியே வந்தார். சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வெள்ளத்துக்குப் பிறகு இங்கே குடிவந்தவர். அவருடைய காருக்கு ஒதுக்கிய இடத்தில்தான் படகு இருந்தது.

"மேடம், முன்னாடி கீழ ஒரு கொளம்தான் இருந்துச்சு. நீங்க வந்துட்டுப் போனப்புறம் மாடிலயும் ஒண்ணு கட்டிட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்று காலை அவருடைய மகளைத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார். கல்லூரியில் படிக்கும் பெண். டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போவதாகச் சொன்னார். சொல்லும்போது குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் சண்டை போட வரல மேடம். இது இங்க இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

அந்த நேரம் பார்த்து என் மேலதிகாரியிடமிருந்து போன். காய்ச்சல் தகவல் அவருக்குப் போய்விட்டது. யாரோ படகைப் படம் எடுத்து அனுப்பியும் இருக்கிறார்கள்.

"அந்தப் படக இன்னிக்கே தூக்குங்க. டிவில வந்தா என் மானம்தான் போகும். படகு வச்சு கொசு வளக்கிறோம்னு போடுவான். எப்படிப் பண்ணுவீங்களோ தெரியாது, சாயந்திரம் அங்க ஒரு புழு இருக்கக் கூடாது."

மேலதிகாரி கோபமாகப் பேசும்போது எல்லா வார்த்தைக்கும் பயப்படாதீர்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்குங்கள் என்று தொடங்கியவர், புழு இருக்கக் கூடாது என்று முடித்தார். இரண்டும் ஒன்றல்ல. "சரி சார், ஒரு புழு இருக்காது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், படகைத் தூக்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஒரு லாரி வரவழைத்தால் வேலை முடிந்தது. ஞானராஜ் சாரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது முதல் மாடியிலிருந்து அவருடைய மனைவி படியின் கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல இறங்கி வந்தார். லில்லி அம்மா. மெலிந்த உருவம். இடது முன்கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அதன் மேல் சின்னதாக ஒரு பிளாஸ்திரி.

நம் வேலையில் கண் அங்கேதான் போகும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் கை அது.

"எத்தன நாளா போய்ட்டிருக்கீங்கம்மா?" என்று கேட்டேன்.

"வெள்ளத்துக்கு முன்னாலேர்ந்தே. அப்பதான் போக முடியாம மாட்டிக்கிட்டேன்" என்றார். "மூச்சு வாங்கிக்கிட்டு கட்டில்ல உக்காந்திருந்தேன். இவரு ஜன்னல்ல நின்னு தண்ணியவே பாத்துட்டிருந்தாரு. வடிஞ்சதும் முதல் வேலையா போயி இத வாங்கிட்டு வந்தாரு. எனக்குன்னு சொன்னா நான் வேணாம்னுடுவேன். அதனால பொது நன்மை."

ஞானராஜ் சார் பாக்கெட்டிலிருந்த பேனாவைச் சரிசெய்தார். "நீ ஏன் இப்ப இறங்கி வந்த? காத்து ஈரமா இருக்கு" என்றார்.

கௌரி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி வைத்திருந்த ஃபிளாஸ்கை முன்னால் மாட்டினார். வண்டியைக் கிளப்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி நிக்காம பண்ண முடியுமா மேடம்? நிஜமா?"

"முடியும்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை ஒரு நல்ல பழக்கமாக நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை.

"சாயந்திரம் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தார்ப்பாயை அவிழ்த்தோம், இறைத்தோம், உள்ளே தேய்த்துக் கழுவினோம். அதன் பிறகு நான், கன்னியப்பன், ஞானராஜ் சார் மூன்று பேரும் படகைச் சுற்றி நின்றோம். எங்களில் ஒருவருக்கும் தச்சு தெரியாது. ஞானராஜ் சார் மாடிக்குப் போய் ஒரு தாளில் வரைந்து எடுத்து வந்தார். அதில் இரும்புக் கம்பம், வெல்டிங், போல்ட்டு எல்லாம் இருந்தன. கீழே ஒரு மூலையில் வடக்குத் திசைகூடக் குறித்திருந்தார்.

"சார், இது பாலம் மாதிரி கீது" என்றார் கன்னியப்பன். "நமக்கு வோணும்றது பந்தல்."

இருந்ததைத் தேடினோம். மொட்டை மாடியில் பழைய தண்ணீர்க் குழாய் வேலையில் மிச்சமான பிளாஸ்டிக் பைப்புகள் கிடந்தன. வெள்ளையடிக்கக் கட்டிய சாரத்தின் சவுக்குக் கழி ஒன்று, சுவரோரம். ஞானராஜ் சார் வீட்டுப் பரணிலிருந்து பழைய கட்டிலின் கொசுவலைக் கம்பிகள் வந்தன. கொசுவலைக் கம்பி என்றதும் கன்னியப்பனுக்கு ஒரே சந்தோஷம்.

முதலில் குறுக்கே மூன்று பைப்புகளைத் தட்டையாக வைத்துத் தார்ப்பாயைப் போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. முதல் மாடி பால்கனியிலிருந்து ஞானராஜ் சார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். பைப்புக்கும் பைப்புக்கும் நடுவே இரண்டு குளங்கள்.

"முன்னேற்றம்" என்றார் மேலிருந்தபடி. "போன வாரம் ஒண்ணு பெரிசா இருந்துச்சு."

"சின்னது ரெண்டுலயும் முட்ட வுடும் சார்" என்றார் கன்னியப்பன்.

அடுத்த முயற்சியில் நடுவில் உயரம் கொடுத்தோம். கொசுவலைக் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பெருக்கல் குறி போலக் கட்டி, படகின் உட்காரும் பலகைகள் மேல் நிறுத்தி, அவற்றின் மேல் சவுக்குக் கழியை நீளவாக்கில் கிடத்தினோம். துடுப்பு மாட்டும் துளைகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தன. பைப்புகளை வளைத்து, கழிக்கு மேலே கொண்டுபோய், முனைகளை அந்தத் துளைகளில் செருகினோம். இப்போது அது மாட்டு வண்டிக் கூண்டு மாதிரி நின்றது. தார்ப்பாயைப் போட்டோம். வாளித் தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடியது. மொத்தமும் நேராக கௌரி வீட்டு வாசலுக்கு.

மூன்று பேரும் அந்த வாசலைப் பார்த்தோம். படகைத் திருப்பி வைப்பது என்று பேசாமலேயே முடிவாகிவிட்டது.

தார்ப்பாயின் ஓரங்கள் காற்றில் அடிக்காமல் இருக்க, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தொங்கவிடலாம் என்றார் ஞானராஜ் சார். அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மணல் போட்டுடலாம்" என்றார்.

சாயந்திரம் கௌரி வந்தார். மகளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தாலும் தட்டணுக்கள் இன்னும் ஏறவில்லை. களைத்துப்போன முகம். படகைச் சுற்றி வந்தார். சவுக்குக் கழியின் முனையில் தார்ப்பாய் உரசும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க கிழியும்."

கிழியும்தான். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஊதா நிற யோகா விரிப்பு ஒன்றைக் கத்தரிக்கோலுடன் கொண்டு வந்தார்.

"என் பொண்ணோடது. வெட்டி முனையில எல்லாம் சுத்துங்க. அவ வந்து கேட்டா அங்கிள்தான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் ஞானராஜ் சார். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டே, "சீக்கிரம் வந்து கேக்கட்டும்" என்றார். அந்த இருவரும் சண்டையில்லாமல் பேசியது அதுதான் முதல் முறை என்று கன்னியப்பன் பிறகு விசாரித்துச் சொன்னார்.

கிளம்பும் முன் ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம் பிடித்தேன். போல்ட்டு வேண்டாம், ஆணி வேண்டாம், இழுத்தால் அவிழும் முடிச்சுதான். மூடுகிற எதையும் அவசரத்தில் திறக்க முடிய வேண்டும். அவர் தலையாட்டினார். நானே எல்லா முடிச்சையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அதிகாரிக்குப் படம் அனுப்பினேன். 'இது என்ன' என்று ஒரு வரி பதில் வந்தது. 'புழு இல்லை சார்' என்று எழுதினேன்.

அந்தப் பெண் தேறி வீட்டுக்கு வந்தாள். விரிப்பைப் பற்றிக் கேட்டாளாம். அவளுக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது.

பிறகு கார்த்திகையில் ஒரு பெருமழை பிடித்தது. விடியும்போது ஏரிக்கரைத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். நானும் கன்னியப்பனும் பிரதான சாலையில் குளோரின் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது கௌரி போன் செய்தார்.

"மேடம், ஆன்ட்டிக்கு இன்னிக்கு டயாலிசிஸ். அங்கிள் படகப் பூட்டி வச்சிருக்காரு."

"பூட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது படகு படிக்கட்டின் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. பசை போட்ட தக்கை ஒரு சொட்டுக்கூட உள்ளே விடவில்லை. ஆனால் அன்று முடிச்சுகளைச் சோதித்துவிட்டு நான் கிளம்பியதும், திருடன் வந்து அவிழ்த்துவிடுவானே என்று அதிகமாக யோசித்திருக்கிறார் ஞானராஜ் சார். ஒரு சைக்கிள் சங்கிலியை வாங்கி, தார்ப்பாயின் கண்ணிகள் வழியாகக் கோத்து, சவுக்குக் கழியைச் சுற்றி, படகின் இரும்பு வளையத்தில் மாட்டிப் பூட்டியிருந்தார். சாவியைப் பத்திரமான இடத்தில் வைத்திருந்தார். அந்த இடம்தான் எது என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் இருந்த எல்லாச் சட்டைப் பாக்கெட்டுகளும் வெளியே தொங்கின. கன்னியப்பன் ரம்பம் தேடினார். நான் சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். கௌரி மருத்துவமனைக்குப் போன் செய்து, நேரத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். முடியாது, இன்று எல்லா நோயாளிகளும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று பதில். ஞானராஜ் சார் மறுபடி அதே பாக்கெட்டுகளைத் துழாவினார். "நானே பூட்டினேன், நானே பூட்டினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

லில்லி அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரிப் பை.

"ஏங்க," என்றார், "அது சுவத்தோடயோ தூணோடயோ கட்டியிருக்கா?"

எல்லோரும் நின்றோம். சங்கிலி படகையும் கூரையையும்தான் பிணைத்திருந்தது. படகு எதனோடும் கட்டப்படவில்லை. அது பாட்டுக்கு மிதந்து, சுவரில் மெல்ல முட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் திறக்கணும்?" என்றார். "பின்னாடி கொஞ்சம் தூக்குங்க, நான் உள்ள போயிடறேன். மழையும் பெய்யுது."

பின்பக்கத் தார்ப்பாயில் சங்கிலி கோக்காத ஒரு முழம் இடைவெளி இருந்தது. கௌரி அதைத் தூக்கிப் பிடிக்க, ஞானராஜ் சார் கைகொடுக்க, லில்லி அம்மா படியிலிருந்து படகுக்குள் குனிந்து நுழைந்தார். பிள்ளைகளே, அவசரத்தில் நாம் எல்லோரும் பூட்டைத்தான் பார்ப்போம். அது கண்ணில் படுகிற மாதிரி தொங்கும். நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். அன்று உட்கார்ந்து யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

முன்னால் கன்னியப்பன் கயிற்றை இழுக்க, இரண்டு பக்கமும் கௌரியும் ஞானராஜ் சாரும் தள்ள, பின்னால் நான். ஒரு நீலக் கூண்டு வண்டி தெருவில் மிதந்து போனது. மாடிகளிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டுப் பெரியவர், "உள்ள யாரு சார், அமைச்சரா?" என்று கேட்டார். "அத விடப் பெரிய ஆளு" என்றார் கன்னியப்பன். நடுவில் அதிகாரி போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்றார். படகைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன் சார் என்றேன். "பாத்து" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பிரதான சாலையில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. லில்லி அம்மா இறங்கியபோது அவருடைய புடவைத் தலைப்புகூட நனையவில்லை. எங்கள் நான்கு பேரையும் பிழிந்தால் ஒரு தொட்டி நிரம்பும்.

தண்ணீர் வடிந்து, தெரு காய்ந்த பிறகு மறுபடி சோதனைக்குப் போனேன். ஞானராஜ் சார் கேட்டிலேயே காத்திருந்தார். படகைத்தான் முதலில் காட்டினார். உள்ளே காய்ந்த துணி மாதிரி இருந்தது. தார்ப்பாயின் மேல் ஒரு சொட்டு இல்லை. கரண்டியை விடவே இடமில்லை. "எப்படி மேடம்?" என்று கேட்டார். பிரமாதம் சார் என்றேன். நிஜமாகவே பிரமாதம்தான்.

"வந்ததுக்கு ஒரு காபி சாப்பிட்டுப் போங்க" என்று மேலே கூட்டிப் போனார். இந்த இடத்தில்தான் நிறைய பேர் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். பழகிய வீடு, பட்ட கஷ்டம் எல்லாம் சேர்ந்து கண்ணை மறைத்துவிடும். நான் காபி வரும்வரை சமையலறைப் பக்கம் போய், டார்ச்சை அடித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டித் தேங்கும் தட்டைப் பார்த்தேன்.

வெளியே எடுத்து வந்து மேசை மேல் வைத்தேன். புழுக்கள் குஷியாக நெளிந்தன. ஞானராஜ் சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியே தன் படகைப் பார்த்தார்.

"மேடம், நமக்குள்ள..."

நான் பையிலிருந்து அபராத நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தேன். லில்லி அம்மா காபித் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார்.

"எழுதுங்கம்மா" என்றார். "இனிஷியல் எஸ். ராஜ்-ல ஜ-வுக்கு மேல புள்ளி வைக்க மறந்துடாதீங்க. அப்புறம் அது நான் இல்லன்னு சொல்லிடுவாரு."